கைந்நூல் எழுதுபவரை எப்போது அழைப்பது?

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் இளைஞர் பலர் இன்று மென்பொருள் ஆக்கும் தொழிலிற் புகுந்துள்ளனர். ஆதலின் அத்தொழில் பற்றிய கருத்தொன்றை உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம். மென்பொருளைக் கையாளும் முறையை விளக்கிக் கைந்நூல் எழுதுபவரைத் தொழினுட்ப எழுத்தாளர் என்பர். அவரை எப்போது அழைப்பது என்பதே நம் கேள்வி.

பெரும்பாலும் நடப்பது யாது? மென்பொருள் முற்றுப்பெற்று, வெளியிடும் நாளும் குறித்த பின்னரே அவரை அழைக்கின்றனர். எழுதப் புகுந்த அவர், "இப்பொத்தானை அழுத்தினால் முன்னர்ப் பதிந்தது யாவும் அழிந்துவிடுகிறதே, அழிக்குமுன் ஒரு வார்த்தை கேட்கலாகாதா?" என்கின்றார். "இனி மாற்ற நேரமில்லை, கைந்நூலில் எச்சரிக்கையாகக் குறித்துவிடும்" என்பதே விடை. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுவன்றோ?

நூலுக்கு முன்னே பாயிரத்தை வைத்தனர் நம் முன்னோர். அதிற் சொல்ல வேண்டியவற்றுள் கேட்போர், பயன் என்னும் இரண்டினையும் நன்னூலார் சேர்த்துள்ளார். தொழினுட்ப எழுத்தாளர் வினவுவனவும் இவையே. இது யாருக்கு? அவருக்கு இதனால் ஆவது என்ன? தொடக்கத்தில் வினவின் இவை வழிகாட்டும். இறுதியில் வினவினாற் குறை சொல்வதாகவே முடியும்.

எழுத்து ஆக்கத்தைத் திருத்தும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கிய கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்போர் அதன் முதற் கைந்நூலை 1971 நவம்பரில் வெளியிட்டனர். ஒவ்வொரு கட்டளையின் குறைகளையும் கூறுதற்கு அதில் தனித் தலைப்பே இருந்தது. புதிய பதிப்பு ஆயத்தமாகும்போதெல்லாம், அச்சிற் சொல்ல நாணும்படியானவற்றை எழுதி மழுப்பாது, நிரலையே திருத்தினர் என்று அவர்களுடன் பணியாற்றிய டக்ளஸ் மக்கில்றோய் நினைவுகூர்ந்துள்ளார். அங்கு ஆக்கியோரே எழுதினர். ஆகவே திருத்தம் எளிதாயிற்று. எழுதுபவர் வேறாயின், அவரை ஆக்குவோர் அருகில் முதலிலேயே இருத்துதல் வேண்டும்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சன்று. தெராக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அறுவர் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். 1986இல் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் "கோளாறு 54" என்ற சொல் திரையில் தோன்றியது. அதன் பொருள் இயக்குநருக்கு வழங்கிய கைந்நூலில் விளக்கப்பட்டிருக்கவில்லை. சிறு தடையென எண்ணிய இயக்குநர், சிகிச்சையைத் தொடரும் விசையை அழுத்தினார். சில வாரங்களில் அதே இடத்தில் அதே கோளாறு மீண்டும் நேர்ந்தது. நோயாளர் இருவரும் அவ்வாண்டிலேயே மாண்டனர். நிரலின் பிழையும், முந்திய இயந்திரங்களில் இருந்த காப்புப் பொறிகளை நீக்கியமையுமே மூல காரணங்கள். கைந்நூலின் மேல் முழுப் பழியையும் சுமத்தோம். ஆயினும், "54 என்றால் என்ன? அதைக் கண்டவர் செய்ய வேண்டியது யாது?" என்று ஒருவர் ஆக்கும் காலத்திலேயே விடாது வினவியிருப்பின், ஆக்கியோர் தம் வேலையை மறுபடி பார்க்க நேர்ந்திருக்கும்.

"தொடக்கத்தில் யாவும் மாறிக்கொண்டேயிருக்கும், எழுதியது வீணாகுமே" என்பர் சிலர். முழுக் கைந்நூலையும் முதல் நாளே எழுதும்படி நாம் கூறவில்லை. திட்டமிடும் கூட்டத்தில் அவருக்கு ஓர் இருக்கை தருக. திரையில் வரும் சொற்களையும் பிழைச் செய்திகளையும் அவரிடம் காட்டுக. புதிய வசதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விளக்கம் எழுதுவிக்க. அப்பக்கம் நேரே வாராதாயின், கோணல் பெரும்பாலும் பொருளிலேயே இருக்கும். ஒரு பக்கத்தைக் கிழித்தெறிவது எளிது. பல மாத உழைப்பை மாற்றுவது அரிது.

இளைஞர்களே, எழுத்துப் பணியைக் கடைசி வேலையென இகழாதீர். "எனக்கு விளங்கவில்லை" என்று கூட்டத்தில் எழுந்து சொல்பவரை நகையாதீர். பெரியோர்களே, தெளிவாக எழுதவல்ல பிள்ளைகளுக்கும் இத்துறையில் இடமுண்டென்று ஊக்குவியுங்கள். விளங்காமையை முதலிற் சொல்பவரே, பின்னர் அப்பொருளைக் கையாளப்போகும் முகமறியாத மனிதருக்காகப் பேசுகின்றார்.