குரலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

(எம்.ஆர்.ராதா நினைவுநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். நீங்கள் யாரும் எம்.ஆர்.ராதாவை மேடையில் பார்த்திருக்க முடியாது. நானும் பார்த்ததில்லை. ஆனால் இந்த மைக்கைக் கொடுத்து "ராதா மாதிரி பேசுங்க" என்றால் பத்துப் பேராவது எழுந்து வருவீர்கள். தொண்டையின் அடியிலிருந்து ஒரு கரகரப்பு, அடுத்த நொடியே கீச்சென்று மேலே ஏறும் ஓர் இழுப்பு. கூட்டம் சிரித்துவிடும். அவர் மறைந்தது 1979 செப்டம்பர் 17 அன்று. அது பெரியாரின் நூறாவது பிறந்தநாள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் குரல் மிமிக்ரி மேடையிலும் மீம்ஸிலும் உயிரோடு இருக்கிறது.

எனக்கு ஒரு கவலை. குரலை வைத்துக்கொண்டோம். அந்தக் குரல் எதற்காகப் பேசியதோ அதை வைத்துக்கொண்டோமா?

1907-இல் சென்னையில் பிறந்த ராதா, சிறுவனாக வீட்டைவிட்டு வெளியேறி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்கும்படி பேசிப் பேசி உரமேறிய தொண்டை அது. ஆனால் அவர் தனித்து நின்றது சத்தத்தால் அல்ல. ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆட்களாகப் பேசினார். கனத்த குரலில் பேசுபவர் ஊர்ப் பெரிய மனிதர். சாத்திரம், சம்பிரதாயம், குலப்பெருமை எல்லாம் அந்தக் குரலில் வரும். கீச்சுக்குரலில் பேசுபவர், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அந்தப் பெரிய மனிதரைப் பார்த்து "அப்படியா சங்கதி?" என்று கேட்கும் சாமானியர். அதிகாரத்தின் குரலை உயரத்தில் ஏற்றி, அதே மூச்சில் கீழே தள்ளினார். மக்கள் சிரித்தது அதற்குத்தான்.

அதனால்தான் அரசு அவரைக் கண்டு பயந்தது. 1954-இல் அவர் ராமாயண நாடகத்தை நடத்தினார். எதிர்ப்பு, தடை, கைது எல்லாம் வந்தன. அதே ஆண்டில் நாடகங்களைக் கட்டுப்படுத்த சென்னை மாநிலத்தில் ஒரு புதிய சட்டமும் வந்தது. வெள்ளைக்காரன் 1876-இல் போட்ட நாடகச் சட்டம் போதவில்லை போலிருக்கிறது! பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பது நடைமுறை ஆயிற்று. ராதாவோ அன்றைய செய்தித்தாளைப் பார்த்து அன்றைக்கே வசனத்தை மாற்றுகிறவர். அவருடைய பிரதியை எந்த அதிகாரி, எப்படிப் படித்து முடிப்பார்?

நாடகத்தைப் பார்த்து மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவே வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தவர் அவர். இன்று ஒரு கவிதைக்கும், ஒரு கார்ட்டூனுக்கும், ஒரு முகநூல் பதிவுக்கும் "மனம் புண்பட்டது" என்று காவல் நிலையத்தில் புகார் போகிறது. அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்வதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்குப் போட்டவர் எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி. ராதாவைப் போலப் பேசிக் காட்டியவர்கள் ஆயிரம் பேர். ராதா போராடிய இடத்தில் வந்து நின்றவர் ஞாநி.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வருகிறேன். புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போனால் அது திதி கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

'ரத்தக்கண்ணீர்' திரைப்படமும் 1954-இல்தான் வந்தது. அதில் கணவன் உயிரோடு இருக்கும்போதே, தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மணமுடித்து வைக்கிறான். கற்பு என்ற பெயரில் பெண்ணைக் கட்டிப்போட்ட சமூகத்தில் அது வெடிகுண்டு. ஆனால் அதே படத்தில் தொழுநோய், செய்த தவறுக்குக் கிடைத்த தண்டனையாக வருகிறது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். பாவம் செய்தவனுக்கு நோய் வரும் என்பது யாருடைய தத்துவம், தோழர்களே? நாம் எதிர்க்கிற கர்மவினைத் தத்துவம்தானே? பின்வாசல் வழியாக அது நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. தாசி காந்தாவும் அப்படித்தான். பொட்டுக்கட்டும் கொடுமைக்கு எதிராக மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போராடிய மண்ணில், அந்த முறையால் நசுக்கப்பட்ட பெண்ணையே படம் வில்லியாக்குகிறது.

1967 ஜனவரி 12-ஐயும் மறைக்க வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். சுடப்பட்டார்; ராதாவும் குண்டுக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். நீதிமன்றம் ராதாவைக் குற்றவாளி என்றது, சிறையில் இருந்தார். குரலால் வாழ்ந்த ஒருவர் வழக்கில், இன்னொரு நடிகரின் குரல் சிதைந்தது. இதை நியாயப்படுத்த எனக்கு வார்த்தை இல்லை, தேடவும் மாட்டேன்.

இதையெல்லாம் சொன்னால் ராதாவைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று சில தோழர்கள் கோபப்படலாம். சினிமாவையே சமூகத்தைப் பிடித்த நோய்களில் ஒன்றாகப் பார்த்தவர் பெரியார். அவரே பெரியார் திடலில் உள்ள மன்றத்துக்கு ராதாவின் பெயரை வைத்தார் என்றால், அந்த மனிதர் எவ்வளவு பெரியவர் என்று தெரியும். ஆனால் நம் இயக்கத்தில் சாமி கிடையாது. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவரைக் கேள்வி கேட்காமல் கும்பிடுவதுதான் அவருக்குச் செய்கிற அவமரியாதை.

கடைசியாக ஒன்று. நாளை உங்கள் கல்லூரி விழாவில் ராதா குரலில் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய பழைய வசனத்தைப் பேசாதீர்கள். விடுதி உணவுக்கூடத்தில் யாருக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கீச்சுக்குரலில் கேளுங்கள். கையில் கட்டியிருக்கிற சாதிக்கயிறு எந்த அறிவியலில் வருகிறது என்று கேளுங்கள். கூட்டம் முதலில் சிரிக்கும். பிறகு யாராவது ஒருவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் வந்தால் நீங்கள் சரியாகத்தான் பேசியிருக்கிறீர்கள்.