குழந்தைகளின் வயிற்றுப்போக்கு

(ஆரணியை அடுத்த திருமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேதியுற்ற குழந்தைக்கு நம்மவர் இல்லங்களில் முதலிற் செய்யப்படுவது யாது? பாலை நிறுத்துகின்றனர், நீரையும் நிறுத்துகின்றனர். உள்ளே செல்வது நின்றால் வெளியே செல்வதும் நின்றுவிடும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணமே பச்சிளங் குழவிகட்குக் கூற்றாகின்றது. பேதி பெரும்பாலும் சின்னாளில் தானே தணிவது. உயிரைக் கவர்வது, உடல் இழந்த நீரும் உப்பும் மீட்டு ஊட்டப்படாமையேயாம்.

1971ஆம் ஆண்டில் வங்காளப் போரினால் ஊர் துறந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவிற்று. எல்லைப்புற ஊராகிய பங்காவில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அவர்களிடம் நரம்பின் வழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. அவர் உப்பும் குளுக்கோசும் சோடாவுப்பும் நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் சுற்றத்தார் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதை எட்டிய சாவு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. 2022இல் அவர் மறைந்தபின், 2023இல் நம் அரசு பத்மவிபூஷண் அளித்தது. காலந்தாழ்ந்த சிறப்பே!

பாவும் ஊடையும் கூடினாலன்றிப் பட்டு உண்டாகாமை தறியில் அமர்ந்தார் அறிவர். அங்ஙனமே உப்பும் சர்க்கரையும் உரிய அளவிற் கூடினால், குடல் அவற்றை ஒருங்கே ஏற்று நீரையும் உடன் ஈர்த்துக்கொள்ளும். பேதியின்போதும் இவ்வாற்றல் அழிவதில்லை.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதும், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரிற் கரைக்க. சிறிது சிறிதாகப் பிரித்துக் கரைத்தல் தவறு. பொட்டலம் கிட்டாவிடில், ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை தலைதட்டிய ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு மிகின் தீங்காம். ஒவ்வொரு போக்கின் பின்னும் இரண்டு வயதிற்குட்பட்டார்க்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், மூத்தார்க்கு 100 முதல் 200 வரை, கரண்டியால் மெல்லப் புகட்டுக. வாந்தி எடுப்பின் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குக. ஒருநாள் கழிந்த கரைசலைக் கொட்டிவிடுக. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டா, அடிக்கடி ஊட்டுக. சோறுண்ணும் பிள்ளைக்குக் குழைந்த சோறும் மோரும் தருக. துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றபின்னும், 14 நாள் முடியக் கொடுக்க: ஆறு மாதத்திற்கு மேற்பட்டார்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்கு இளையார்க்கு மருத்துவர் சொல்லும் அளவு. போக்கைக் கட்டும் மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தல் ஆகாது.

‘உரம் விழுந்தது’ என்று குழந்தையைச் சேலையிலிட்டு உருட்டுவாரும் நம்மிடை உளர். உச்சிக்குழி தாழ்ந்ததைத் தோஷம் என்பாரும் உளர். அது தோஷமன்று, உடலில் நீர் வற்றியதன் அடையாளம். கண் குழிதல், அழுதும் கண்ணீர் வாராமை, ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை, கிள்ளிய தோல் விரைந்து மீளாமை, துவண்டு உறங்கல், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் தறியை விட்டெழுந்து ஆரணி அரசு மருத்துவமனைக்கு விரைக. இரண்டு மாதம் நிரம்பாத குழவியாயின் இவற்றை எதிர்நோக்கியும் இருக்க வேண்டா. குடிக்க வல்ல பிள்ளைக்குச் செல்லும் வழியெல்லாம் கரண்டி ஓயாதிருக்கட்டும்.