தலைமைக்கும் தராசு வேண்டும்

தோட்டத்து இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி தருகிறவர்கள், "நல்ல தலைவர்களை உருவாக்குவோம்" என்று சொன்னால் போதுமா? எத்தனை பேரை, எப்போதைக்குள், எந்த வேலைக்கு என்று நாம் கேட்க வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் அவர் கேட்டது 10 வெள்ளி. எண்ணிப் பார்க்கக்கூடிய அந்தச் சிறுதொகைதான் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது.

பயிற்சிக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும். 6 மாதத்தில் 5 பேராவது தாமாகவே கூட்டம் நடத்தினார்களா? வரவு செலவை எழுதி உறுப்பினர் முன் படித்தார்களா? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

பால் நிறுக்கும்போது தராசைப் பார்க்கிறோம். பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துவிட்டு, கைதட்டலோடு திருப்தி அடையலாமா?