ஓவனுக்குள் ஒளிந்திருக்கும் ஹைட்ரஜன்
(ஆய்வகப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளை மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பொதுமக்கள் கொடுக்கிற எண்ணெயில் கலப்படம் இருக்கா, விபத்து வழக்கில் வந்த ரத்தத்தில் மது எவ்வளவு, இதையெல்லாம் நமக்குச் சொல்கிறது கேஸ் குரோமட்டோகிராஃப். அந்தக் கருவியின் டிடெக்டரில் எரிகிற சின்னத் தீக்கு எரிபொருள் ஹைட்ரஜன். இப்போது ஹீலியம் விலை ஏறியதால், மாதிரியைச் சுமந்து செல்கிற வாயுவாகவும் பல இடங்களில் ஹைட்ரஜனுக்கு மாறிவிட்டார்கள். மாறுவதில் தப்பில்லை, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனா ஹீலியத்திடம் பழகின மாதிரி இதனிடம் பழகக் கூடாது.

ஹைட்ரஜன் என்றதும் எல்லாருக்கும் வெளியே நிற்கிற சிவப்பு சிலிண்டர் மேலதான் பயம். அதைச் சங்கிலி போட்டுக் கட்டுவோம், பூட்டுவோம். நல்லதுதான். என் பயம் வேற இடத்தில். கருவியின் ஓவனுக்குள்ளே.

நான் வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. ஒரு ஆய்வகத்தில், மாலை நேரம், நான் ஓவனைத் திறந்து பழைய கேப்பிலரிக் குழாயைக் கழற்றினேன். டிடெக்டர் பக்கத்துத் துளையை மூட ஒரு சின்ன அடைப்பு நட் இருக்கும். அதைப் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுநாள் காலையில் வந்த அண்ணன் ஒருவர் வழக்கம்போல ஹைட்ரஜனைத் திறந்தார், ஓவனைச் சூடாக்கினார், டிடெக்டரைப் பற்றவைத்தார். பற்றவில்லை. வாயுவைக் கூட்டி மறுபடி முயன்றார். அடுத்த சில நிமிடத்தில் பெரிய சத்தம். ஓவன் கதவு பிய்ந்துகொண்டு திறந்தது. அவர் பதிவேடு எழுத நகர்ந்திருந்ததால் தப்பித்தார். இரண்டு நாள் காது அடைத்துப்போய் இருந்தார். "நீதானா?"ன்னு ஒரு வார்த்தை கேட்கலை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

ஏன் வெடித்தது? துளை திறந்திருந்தால் டிடெக்டருக்குப் போக வேண்டிய வாயு கீழே ஓவனுக்குள் இறங்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது பற்றக்கூடிய கலவை. 75 சதவீதம் வரைக்கும் பற்றும். ஓவனின் கொள்ளளவு 14 லிட்டர் என்று வையுங்கள், அதில் 4 சதவீதம் 560 மில்லிலிட்டர். டிடெக்டருக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் விடுகிறோம். கொஞ்சமும் வெளியே கசியவில்லை என்றால் 14 நிமிடம். ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம். பற்றவைக்க ஓவனின் சூட்டுக் கம்பியே போதும்.

சமையல் எரிவாயுவில் கசிவு தெரியட்டும் என்று வாசனை சேர்த்திருக்கிறார்கள். நாம் வாங்குகிற ஹைட்ரஜனில் வாசனை கிடையாது. பகல் வெளிச்சத்தில் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டிடெக்டர் எரிகிறதா என்று புகைவழியில் எட்டிப் பார்க்காதீர்கள். பளபளப்பான ஸ்பேனரை அதன் மேலே பிடியுங்கள். ஆவி படிந்தால் எரிகிறது. படியவில்லையா, வாயுவைக் கூட்டாதீர்கள். மூடிவிட்டுக் காரணம் தேடுங்கள். சமையல் எரிவாயு தரையில் தங்கும், இது மேலே ஏறும். ஆகவே கசிவு காட்டும் சென்சார் கூரைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

ஹைட்ரஜனைச் சுமக்கும் வாயுவாக வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கணும். ஸ்பிளிட் வழியாக வெளியேறுகிற வாயுவைக் குழாய் போட்டுக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். கேப்பிலரி ஓவனுக்குள் முறிந்தாலும் நான் சொன்ன அதே கதைதான். புதிய கருவிகள் அழுத்தம் குறைந்தால் தாமாகவே வாயுவை நிறுத்திவிடும். கையால் திருகுகிற பழைய கருவிகள் நிறுத்தாது. கரண்ட் போனால் காற்று கம்ப்ரஸர் நின்று தீ அணையும், சிலிண்டர் மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் ஓவன் சூடாகிவிடாதபடி முதலில் கருவியின் சுவிட்சை அணையுங்கள். பிறகு ஹைட்ரஜனை மூடி, ஓவன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

சிலிண்டரைப் பற்றி ஒன்று மட்டும். தூசி போகட்டும் என்று வால்வைச் சட்டென்று திறந்து ஊதுவது நம்மிடம் இருக்கிற பழக்கம். ஹைட்ரஜனில் அதைச் செய்யாதீர்கள், பீறிடும்போதே தீப்பிடிக்கலாம். முடிந்தால் ஜெனரேட்டர் கேளுங்கள். பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். தண்ணீரைப் பிரித்து அவ்வப்போது தயாரிக்கிற ஜெனரேட்டருக்குள் இருப்பது மிகக் கொஞ்சம். செலவுக் குறிப்பு எழுதும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள், கோப்பு நகரும்.

சரி, இப்போ எல்லாரும் கருவி அறைக்குப் போகலாம். கேப்பிலரியைக் கழற்றி, அடைப்பு நட்டை நீங்களே ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டணும். கழற்றியவர் பெயரும் நேரமும் எழுத ஓவன் கதவில் ஒரு அட்டை தொங்கும். முதல் பெயரை நான் எழுதுகிறேன்.