தாத்தாவின் பேனாக்கத்திக்கு என்ன வயது?

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மற்ற ஊர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்டுக் கொண்டதால் எழுதிக் கொடுத்தேன்.)



வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பழைய மடக்குக் கத்திகளைப் பார்ப்பதும் அவற்றின் வயதைக் கண்டுபிடிப்பதும் என் பொழுதுபோக்கு. வெறும் பேனாக்கத்தி அல்ல. கத்தியோடு திருப்புளி, டின் ஓப்பனர், கத்தரிக்கோல், குறடு என்று பல கருவிகள் ஒரே பிடிக்குள் மடங்கி இருக்கும் சட்டைப்பைக் கருவிகள். "எல்லார் ஆத்துலயும் பீரோவுல ஒண்ணு கிடக்கும், அதைப் பத்தியே பேசுங்கோளேன்" என்று செயலாளர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அப்பா வாங்கியது, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது, தாத்தாவுக்கு யாரோ துரை கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் இருக்கும். கதை சொல்வது சரியா என்று கத்தியையே கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் ஒரு விதி. ஒரு பொருளில் மிகப் பழைய அடையாளம் எது என்று தேடாதீர்கள். மிகப் புதிய அடையாளம் எது என்று தேடுங்கள். கத்தியில் 1897 என்று அச்சிட்டிருந்தால் அது கம்பெனியின் பெருமை வருஷமாக இருக்கலாம். ஆனால் 1991-ல் வந்த ஓர் உறுப்பு அதில் இருந்தால், அந்தக் கத்தி 1991-க்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. வீட்டில் மூத்தவரின் வயதை வைத்துக் கட்டடத்தின் வயதைச் சொல்ல முடியாது, இல்லையா?

அடுத்து, எங்கே பார்ப்பது? கத்தியைத் திறந்து, அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். கூர் இல்லாத அந்தச் சிறு சதுர இடத்தில்தான் முத்திரை இருக்கும். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். பெரிய அலகின் இரண்டு பக்கமும் பாருங்கள்; சின்ன அலகையும் விடாதீர்கள்.

முத்திரையில் முதலில் கவனிக்க வேண்டியது நாட்டின் பெயர். 'வெஸ்ட் ஜெர்மனி' என்று இருந்தால் விஷயம் சுலபம். மேற்கு ஜெர்மனி என்ற நாடு 1949-லிருந்து 1990 வரைதான் இருந்தது. கத்திகளுக்குப் பெயர் போன ஸோலிங்கன் ஊரின் சரக்கு நம் நாட்டில் நிறைய உண்டு. 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் அது போருக்குப் பிந்தியது. 1952-ல் அந்த ஆக்கிரமிப்பு முடிந்துவிட்டது. ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயரும், கோழிக்கால் போல மூன்று கோடுகள் ஓரிடத்தில் கூடும் அம்பு அடையாளமும் இருந்தால் அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்தாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவக் கத்திகளில் பலவற்றில் அந்த அம்போடு வருஷமும் முழுதாகப் பொறித்திருக்கும். கருப்புப் பிடி, ஒரு அலகு, டின் ஓப்பனர், சிலவற்றில் கயிற்று முடிச்சை அவிழ்க்க ஒரு தடித்த ஊசி. ராணுவத்தில் இருந்த பெரியவர்களின் பெட்டியில் இது கிடைத்தால் வியப்பில்லை.

இப்போது எல்லோரும் எதிர்பார்க்கும் சிவப்புக் கத்திக்கு வருகிறேன்.

சுவிட்சர்லாந்தில் ஷ்வீஸ் மாநிலத்தில் ஈபாக் என்ற சிற்றூர். அங்கே கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் கத்திப் பட்டறை தொடங்கினார். சுவிஸ் ராணுவம் சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்று தீர்மானித்தபோது, முதல் சரக்கு ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. அது எல்ஸனருக்குப் பொறுக்கவில்லை. 1891-ல் தாமே ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். சிப்பாய்க் கத்தி கனமாக இருந்ததால், மெல்லியதாக, இன்னொரு சிறிய அலகும் கார்க் திருகும் சேர்த்து 'அதிகாரி கத்தி' ஒன்று செய்து 1897-ல் பதிவு செய்தார். இதில் ஒரு வேடிக்கை. ராணுவம் அதை அதிகாரிகளுக்கு வழங்கவே இல்லை. வேண்டியவர்கள் கைக்காசு போட்டு வாங்கிக் கொண்டார்கள். ஆகவே "கார்க் திருகு இருக்கிறது, இது ராணுவத்தில் கொடுத்தது" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக் கொள்ளுங்கள்.

1909-ல் அவருடைய தாயார் விக்டோரியா காலமானார். தாயார் பெயரையே கத்திக்கு முத்திரையாக வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்தது. அதற்கு பிரெஞ்சு மொழியில் 'இனாக்ஸ்' என்று சுருக்கம். விக்டோரியாவும் இனாக்ஸும் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. ஆகவே விக்டோரினாக்ஸ் என்று முழுப் பெயரும் உள்ள கத்தி 1921-க்கு முற்பட்டது அல்ல. 'ராஸ்ட்ஃப்ரை' என்று ஒரு சொல்லும் பக்கத்தில் இருக்கும். அது கம்பெனி பெயர் அல்ல. ஜெர்மன் மொழியில் 'துருப்பிடிக்காது' என்று அர்த்தம்.

ஜூரா பகுதியில் வெங்கர் என்ற இன்னொரு கம்பெனியும் இருந்தது. 1908-லிருந்து ராணுவம் இருவரிடமும் வாங்கியது. இரண்டையும் பிரித்து அறிவது சுலபம். டின் ஓப்பனரைப் பாருங்கள். விக்டோரினாக்ஸில் முன்னோக்கித் தள்ளி வெட்ட வேண்டும். வெங்கரில் தன் பக்கம் இழுத்து வெட்ட வேண்டும். பிடியில் உள்ள சிலுவையும் வேறு. முன்னதில் அது கேடயத்துக்குள் இருக்கும். பின்னதில் முனை மழுங்கிய சதுரத்துக்குள் இருக்கும். 2005-ல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. சில வருஷங்களில் வெங்கர் பெயரில் கத்தி வருவதும் நின்றுவிட்டது.

உண்மையான சிப்பாய்க் கத்தி சிவப்பு பிளாஸ்டிக் கத்தி அல்ல. 1890 மாடலில் பிடி மரம். 1908, 1951 மாடல்களில் ஃபைபர். 1961 மாடலில் சொரசொரப்பான அலுமினியம். இந்த 1961 மாடலில் கார்க் திருகு கிடையாது. அலகு, துளையூசி, டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், அவ்வளவுதான். ராணுவத்துக்குப் போன கத்திகளில் அலகின் அடியில் வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 73 என்றால் 1973. இதைவிடச் சுலபமான ஜாதகம் வேறு இல்லை. 2008 மாடலிலிருந்து பெரிய, பச்சையும் கருப்பும் கலந்த பிடி வந்துவிட்டது.

சிவப்புக் கத்தியில் வருஷம் இருக்காது. அதில் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். டின் ஓப்பனரின் நுனியில் சின்னத் திருப்புளி இல்லாமல் பருந்தின் அலகு போல வளைந்திருந்தால் பழையது. சாவி வளையம் இருந்தால் பெரும்பாலும் 1960-களின் பிற்பகுதியோ அதற்குப் பின்போ. பின்புறம், கார்க் திருகு இருக்கும் பக்கத்தில், பார்சல் தூக்குவதற்கு ஒரு கொக்கி இருக்கிறதா? அந்தக் கொக்கி 1991-ல்தான் வந்தது.

இந்தக் கொக்கியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட மாமியின் அனுமதியோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் சொல்கிறேன்.

மாமியின் மாமனார் யுத்த காலத்தில் ராணுவக் கணக்கு இலாகாவில் இருந்தவர். 1945-ல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகும்போது அவருக்கு ஒரு கத்தி கொடுத்தாராம். அது சுவாமி அலமாரிக்குக் கீழ் அறையில் ஒரு தகரப் பெட்டியில் இருந்து வந்தது. மாமனார் 1982-ல் காலமானார். இப்போது மாமியின் இரண்டு பிள்ளைகளுக்கும் "தாத்தா கத்தி யாருக்கு" என்று மனஸ்தாபம். மூத்தவன் தனக்கு என்கிறான். தாத்தா பெயரை வைத்திருப்பது தன் பிள்ளைக்குத்தான் என்று இளையவன் சொல்கிறான். இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. "நீங்கள் பார்த்து மதிப்புச் சொன்னால், ஒருத்தன் எடுத்துண்டு இன்னொருத்தனுக்கு ஈடு கொடுக்கட்டும்" என்று மாமி என்னிடம் கொண்டு வந்தார்.

பெட்டியைத் திறந்தேன். சிவப்பு விக்டோரினாக்ஸ். சாவி வளையம், கத்தரிக்கோல், பின்புறத்தில் கொக்கி. பிடியை மாற்றி ஒட்டலாம். கொக்கியை அப்படிச் சேர்க்க முடியாது. ஆணிகளை அறுத்து முழுக் கத்தியையும் பிரிக்க வேண்டும். இதில் ஆணிகள் தொடப்படவே இல்லை. 1982-ல் போனவர் கையில் இந்தக் கத்தி இருந்திருக்க வழியே இல்லை.

இதை எப்படிச் சொல்வது? பிள்ளைகளைக் கூப்பிடாமல் மாமியிடம் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் ஆபீஸ் விஷயமா ஒரு தரம் ஜூரிக் போனாரே" என்றார். மறுநாள் கணவரின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாராம். சுவிஸ் முத்திரை, 1993. அப்போது மாமியின் மாமியார் உயிரோடு இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியைத் துடைத்து வைப்பார். இடையில் அவர்கள் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறார்கள். பழைய கத்தி எப்போது தொலைந்தது, பெட்டியில் புதியதை வைத்தவர் என்ன நினைத்து வைத்தார் என்று கேட்க, இன்று அவரும் இல்லை. "முப்பது வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷர்" என்று மட்டும் மாமி சொன்னார்.

பிள்ளைகளிடம் அவரே சொல்லிவிட்டார். தாத்தா கத்தி இல்லை என்றதும் சண்டைக்கு விஷயம் இல்லை. அப்பா கத்தி என்று தெரிந்ததும் இருவருமே, "அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்றார்கள். இப்போது மாமி அதைக் கைப்பையில் வைத்திருக்கிறார். பூ கட்டும் நாரை அதன் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறார். ஈடு கொடுப்பதற்காகக் கேட்ட மதிப்பை அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அடுத்து குறடு வகை. அமெரிக்காவில் டிம் லெதர்மேன் என்பவர் 1975-ல் மனைவியோடு ஐரோப்பாவில் பழைய ஃபியட் காரில் சுற்றினார். கார் ரிப்பேருக்கும் ஓட்டல் குழாய்க்கும் கையிலிருந்த கத்தி போதவில்லை. ஒரு குறடு இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஊருக்குத் திரும்பி வருஷக்கணக்கில் உழைத்து 1980-ல் காப்புரிமை வாங்கினார். 1983-ல்தான் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் மாடல் 2004 வரை வந்தது. பல லெதர்மேன் கருவிகளில் கைப்பிடியின் உட்புறம் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு மாதம், அடுத்த இரண்டு வருஷம். 0394 என்றால் 1994 மார்ச்.

அமெரிக்கக் கருவிகளில் காப்புரிமை எண்ணும் உதவும். அந்த நாட்டின் 40 லட்சமாவது எண் 1976 கடைசியில், 50 லட்சமாவது 1991-ல், 60 லட்சமாவது 1999 கடைசியில் கொடுக்கப்பட்டது. எண் 42 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 1980-ஐ ஒட்டிய காப்புரிமை. ஆனால் கவனம்: அதே எண்ணைப் பல வருஷங்கள் பொறித்துக் கொண்டே இருப்பார்கள். "இதற்கு முன் இல்லை" என்றுதான் அந்த எண் சொல்லும்; "இதே வருஷம்" என்று சொல்லாது.

அட்டைப் பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊர்க் கடை ரசீதில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். பம்பாயா மும்பையா என்பதும் 1995-ஐ ஒட்டி ஒரு குறிப்புக் கொடுக்கும். ஆனால் பழைய லெட்டர்பேடு தீரும் வரை உபயோகிப்பது நம் கடைக்காரர்களின் வழக்கம், அதையும் மனத்தில் வையுங்கள்.

போலிகளும் உண்டு. சிலுவை பதித்ததாக இல்லாமல் வெறும் பெயின்டாக இருப்பது, முத்திரையில் எழுத்துப்பிழை, மடக்கும்போது 'டக்' என்ற சத்தம் இல்லாமல் தொளதொளப்பது, இவை அடையாளங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. பழைய கத்தி கிடைத்த உற்சாகத்தில் சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள். சாணைச் சக்கரம் பட்டால் கறையோடு முத்திரையும் போய்விடும். பிறகு எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. வெதுவெதுப்பான நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுக்குப் பிடித்துக் கொள்ளும். விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். இல்லாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டி வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று ஆத்துக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். கத்தி இருந்தால், யார் வாங்கினார், எங்கே, எந்த வருஷம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வருஷத்தைக் கத்தி சொல்லிவிடும். யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.