பொது அண்டாவை யார் துலக்குவது?

(இராயபுரத்தில் நமது வாலிபர் கூட்டத்தாருக்குச் செய்த பிரசங்கம்)



பழவேற்காட்டு முகாமுக்குப் புறப்படும் நம் வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்று காரியதரிசியார் கேட்டுக்கொண்டார். தேகப்பயிற்சியைப் பற்றிப் பேசுவோமென்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பாத்திரம் துலக்குதல். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சென்ற ஆண்டு பிள்ளைகளை அனுப்பிய இரு குடும்பத்தார் இவ்வாண்டு அனுப்ப மறுத்திருப்பது இவ்வொரு விஷயத்தினால்தான்.

நடந்தது இதுவே. தத்தம் தட்டை எல்லோரும் கழுவினர், அதில் குறையில்லை. அடிப்பிடித்த சோற்று அண்டாவும், பிசுக்கேறிய வாணலியும், குழம்புச் சட்டியும் எவருடையவையும் அல்லவாதலால், மூன்று இரவும் அவ்விரு பிள்ளைகளின் கைக்கே வந்து சேர்ந்தன. ஒருவன் தகப்பனார் கூலி வேலை செய்பவர், மற்றவன் தகப்பனில்லாதவன். அவர்களை ஒருவரும் ஏவவில்லையாம். ஏவாமலே இன்னார்தான் செய்வார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததே நமக்கு அதிக வருத்தம் தருகிறது. ஒரே குலத்தார் என்று மேடையில் சொல்லிக்கொள்ளும் கூட்டம், ஏரிக்கரையில் இரண்டு குலமாய்ப் பிரிந்துபோகிறது.

இதற்கு வழி புதிதாய்த் தேடவேண்டியதில்லை. 1910-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில், காலன்பாக் என்பவர் தமது 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியடிகளின் சத்தியாக்கிரகிகளுக்கு விட்டுக்கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்பது அதன் பெயர். சிறைசென்றோரின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களில் தமிழர் பலர். பல மதத்தாருக்கும் ஒரே சமையற்கட்டு. வேலைக்காரர் கிடையாது. ஊற்றோ ஏறக்குறைய 500 கஜ தூரத்தில். தண்ணீரைக் காவடி கட்டிச் சுமந்தார்கள். அங்கிருந்த ஏற்பாடு: அவரவர் கலத்தை அவரவர் கழுவவேண்டும், பொதுப் பாத்திரங்களை வெவ்வேறு குழுவினர் முறைவைத்துத் துலக்கவேண்டும். பின்னதைக் கவனியுங்கள். தன் கலத்தை எவனும் கழுவுவான். பொது அண்டாவுக்கு முறை எழுதிவைக்காவிட்டால் அது என்றும் வாய்பேசாதவன் தலையிலேயே விழும்.

“துலக்க ஆள் வைத்தாலென்ன? பணம் நாம் தருகிறோம்” என்றார் ஒரு கனவான். தாராள மனதுதான். ஆனால் அது கலியாண வீட்டு ஏற்பாடு, முகாம் ஏற்பாடன்று. வீட்டுப் பெண்களை உடன் அழைத்துப்போகலாமென்ற மற்றொருவருக்கு அங்கிருந்த தாய்மார்களே தக்க பதில் கொடுத்துவிட்டார்கள்!

நம் பக்கத்துப் பிள்ளைகள் அழுக்குக்கு அஞ்சுகிறவர்களல்லர். 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கருகே இரண்டு கப்பல்கள் மோதி, கசிந்த எண்ணெய் கரையொதுங்கியபோது, மீனவரும் மாணவரும் அதை வாளி வாளியாய் அள்ளினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் சோற்று அண்டாவுக்குக் கூசுவானேன்?

இனிச் செய்முறை. பரிமாறி முடிந்தவுடன் அண்டாவில் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. காயவிட்டால் நெடுநேரம் சுரண்டவேண்டியதுதான். ஒட்டிய சோற்றையும் பிசுக்கையும் முதலில் வழித்துக் குழியிற் புதைக்கவேண்டும். எண்ணெய்படாத பாத்திரம் முதலிலும் வாணலி கடைசியிலும் வரட்டும். சாம்பலும் தேங்காய் நாரும் போதும். ஏரியில் இறக்கிக் கழுவுதல் கூடவே கூடாது. மீனும் இறாலும் பிடித்துப் பலர் பிழைக்கும் நீர் அது.

முறைச்சீட்டைக் காரியதரிசியார் எழுதிவிட்டார். முதல் இரவு அண்டா அவர் குமாரன் இருக்கும் குழுவுக்கு. இரண்டாம் இரவு நிர்வாகிகளுக்கு, அதில் நம் பெயரும் உண்டு. அவ்விரு பிள்ளைகளின் பெயரும் மற்றவர்களுடையதைப் போலவே ஒரு முறைதான் வருகிறது. நாளைக் காலையில் இச்சீட்டை எடுத்துக்கொண்டு அவ்விரு வீடுகளுக்கும் நேரிற் செல்ல இருக்கிறோம்.