அடைமழைக்கு முன்னே கொல்லையில் ஒரு பாத்தி

(ஆவணி மாதம் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் குழுவின் சந்தா நோட்டை எடுத்து, போன வருஷத்துப் பக்கங்களைப் புரட்டுங்க. எந்த மாசத்துல பாக்கி அதிகமா விழுந்திருக்குன்னு பாருங்க. பல நோட்டுல அது ஐப்பசியும் கார்த்திகையுமாத்தான் இருக்கும். காரணம் உங்களுக்கே தெரியும். மழை பிடிச்சுக்கிட்டா சித்தாள் வேலை இல்லை, செங்கல் சூளை வேலை இல்லை, களையெடுக்கவும் கூப்பிட மாட்டாங்க. கூலி நிக்கிற அதே வாரம் சந்தையில தக்காளி, கத்தரி விலை ஏறிடும். ஏன்னா தோட்டத்துல தண்ணி நின்னு செடி அழுகுது, லாரியும் நேரத்துக்கு வர்றதில்லை.

வரவு நிக்குது, செலவு ஏறுது. அப்போ நாம முதல்ல எதைக் குறைக்கிறோம்? சந்தாவை, அப்புறம் காயை. ரசம், ஊறுகாய்னு நாளைத் தள்ளுறோம். இருக்கிற கொஞ்சம் காயும் வீட்டுக்காரருக்கும் பிள்ளைங்களுக்கும் போன பிறகு, சட்டியை வழிச்சுச் சாப்பிடுறது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எட்டு வாரத்துக்காகத்தான் இன்னைக்குப் பேசுறேன். ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்காலம்னு உங்க பிள்ளைங்க பாடத்துல படிப்பாங்க. வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். தமிழ்நாட்டுல வருஷம் முழுக்கப் பெய்யிற மழையில ஏறக்குறையப் பாதி, அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள பெய்யுது. தண்ணிக்குப் பஞ்சமில்லாத அந்தக் காலத்துல நம்ம கொல்லை மட்டும் ஏன் காலியா கிடக்கணும்? மழையில பறிக்கணும்னா, மழைக்கு முன்னாடியே விதை மண்ணுக்குள்ள போயிருக்கணும். அதுக்கு ஆவணியும் புரட்டாசியும்தான் நமக்குக் கையில இருக்கு.

எதை எப்போ போடுறது?

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொன்னது சரிதான். ஆடியில அவரை, சுரை, பீர்க்கு, புடலை ஊன்றினவங்க இப்போ பந்தலைப் பலப்படுத்துங்க. ஆடியை விட்டவங்க சும்மா இருக்க வேண்டாம். இந்த வாரமே தொடங்கலாம்.

கொடிக்காய்க்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துல குழி எடுங்க. மக்கிய சாணி எருவையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்புங்க. ஐந்து விதை ஊன்றி, முளைச்ச பிறகு நல்லா இருக்கிற ரெண்டை மட்டும் விடுங்க. அஞ்சையும் விட்டா அஞ்சும் சண்டை போட்டு ஒண்ணும் உருப்படாது. குழி வெட்டுற வேலைக்கு வீட்டு ஆம்பளைங்களைக் கூப்பிடுங்க. சாப்பாடு எல்லாருக்கும்தானே!

வெண்டையை இப்போ நேரடியா ஊன்றினா சுமார் 45 நாளில் முதல் காய் பறிக்கலாம். அதாவது மழை தொடங்குற நேரத்துக்கு வந்துடும். கத்தரிக்கு, மிளகாய்க்கு இப்போ நாற்று விடுங்க. 30, 35 நாளில் பிடுங்கி நடலாம். நாற்றங்காலை மேடாப் போடுங்க, விதையை நெருக்கமாத் தூவாதீங்க. நெருக்கமா இருந்து ஈரமும் நின்னா நாற்று தண்டோட அழுகி விழும்.

கீரைதான் எல்லாத்திலும் சீக்கிரம் கைக்கு வர்றது. சிறுகீரை, முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம். ஒரே நாளில் எல்லாத்தையும் தூவாம, பத்து நாளுக்கு ஒரு பாத்தின்னு பிரிச்சுத் தூவுங்க. அப்போதான் தொடர்ந்து கிடைக்கும். அரைக்கீரையை வேரோட பிடுங்காம அறுத்து அறுத்து எடுக்கலாம். பொன்னாங்கண்ணி, பசலைக்கொடி ரெண்டுக்கும் விதையே வேண்டாம். பக்கத்து வீட்டுல ஒரு தண்டு ஒடிச்சு வாங்கி ஊன்றுங்க, மழை ஈரத்துல பிடிச்சுக்கும்.

புரட்டாசியில சர்க்கரைவள்ளிக் கொடியைத் துண்டு போட்டு மேட்டுப்பாத்தியில ஊன்றி வையுங்க. நாலு மாசம் கழிச்சு, தை கடைசியில கிழங்கு தோண்டலாம்.

அவரை பத்தி ஒரு முக்கியமான விஷயம். நாட்டு அவரைக்கொடி ஐப்பசி வரைக்கும் இலையா மட்டும் தழைச்சு நிக்கும். "காய்க்காத மலட்டுக் கொடி"ன்னு சில பேர் வெட்டிப் போடுறாங்க. அது மலடு இல்லைங்க. பகல் பொழுது குறைஞ்சு, ராத்திரி நீண்ட பிறகுதான் அது பூக்கும். கார்த்திகையில பூ எடுத்து மார்கழி, தை வரைக்கும் கொத்துக் கொத்தாக் காய்க்கும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.

இடமில்லாதவங்க என்ன செய்யிறது?

"மேடம், எங்களுக்கு நிலமே இல்லை, வீடே மூணு சென்டுதான்"னு போன கூட்டத்துல சொன்னீங்க. நியாயமான கேள்விதான். சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் கூரை மேல ஏறும், அதுக்குத் தரையில ஒரு குழி போதும். உடைஞ்ச குடம், சிமெண்ட் சாக்கு, பழைய அன்னக்கூடை எதுவா இருந்தாலும் அடியில ஓட்டை போட்டு மண்ணும் எருவும் பாதிப் பாதியா நிரப்பினா கத்தரி, மிளகாய், கீரை வரும். சிமெண்ட் சாக்கை நல்லா அலசிட்டுப் பயன்படுத்துங்க. வேலி ஓரத்துல ஒரு அகத்தி, ஒரு முருங்கைப் போத்து ஊன்றினா வேலியும் ஆச்சு, கீரையும் ஆச்சு.

ஆடும் கோழியும்தான் நம்ம தோட்டத்துக்கு முதல் எதிரி. முள் வெட்டி அடைங்க. கீரைப் பாத்திக்கு மேல பழைய மீன்வலையைக் கட்டினா கோழி கிளறாது.

மழையை எப்படித் தாங்குறது?

அடைமழையில செடி சாகுறது பெரும்பாலும் தண்ணி நிக்கிறதாலதான். வேர் மூச்சு முட்டி அழுகிடும். அதனால பாத்தியை அரை அடி மேடாப் போடுங்க. ரெண்டு பாத்திக்கு நடுவுல வாய்க்கால் எடுத்து, அது வெளியே போக வழி விடுங்க. கொல்லையில தண்ணி தேங்காம இருந்தா கொசுவும் குறையும், டெங்கு பயமும் குறையும். ரெண்டுக்கும் ஒரே வாய்க்கால்!

கீரை விதையை மணலோட கலந்து தூவி, முளைக்கிற வரைக்கும் மேல தென்னங்கீத்துப் போட்டு வையுங்க. இல்லைன்னா பெருமழை விதையை ஒரு மூலைக்கு அடிச்சுக்கிட்டுப் போயிடும். முளைச்சதும் கீத்தை எடுத்துடணும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தைப் போட்ட போடு யாருக்கும் மறக்காது. தென்னையும் பலாவும் சாய்ஞ்ச காத்துல முருங்கை எம்மாத்திரம்? அதனால புரட்டாசிக்குள்ள முருங்கையோட உயரக் கிளைகளைக் கழிச்சு விடுங்க. காத்துல முறியறது குறையும், புதுத் துளிரும் கைக்கு எட்டுற உயரத்துல வரும். பந்தல் காலை ரெண்டடி ஆழத்துல நடுங்க.

குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணியை மழையில்லாத நாளில் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பி விடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் விடாதீங்க.

பூச்சிக்கு என்ன மருந்து?

கடையில வாங்குற விஷ மருந்து நம்ம கொல்லைக்கு வேண்டாம். காலையில அடிச்சு சாயங்காலம் பறிச்சுப் பிள்ளைக்குச் சமைக்கிற நிலை நமக்கு வரக்கூடாது.

கத்தரிக் குருத்து வாடித் தொங்கினா உள்ளே புழு இருக்கு. அந்தக் குருத்தைக் கிள்ளி எடுத்து அழிச்சிடுங்க. அவரையில அசுவினி மொய்ச்சா, காலையில பனி ஈரம் இருக்கும்போது சலிச்ச அடுப்புச் சாம்பலைத் தூவுங்க. வெண்டை இலை நரம்பு மஞ்சளா ஓடினா, அது வெள்ளை ஈ பரப்புற நோய். அந்தச் செடியைப் பாவம் பார்க்காம பிடுங்கிடுங்க. பீர்க்கு, பாகல்ல பிஞ்சு அழுகி விழுந்தா பழ ஈயா இருக்கும். விழுந்ததைப் பொறுக்கி அழிங்க, அப்படியே விட்டா அதிலிருந்தே அடுத்த ஈ கிளம்பும்.

பொதுவா ஒரு கரைசல் சொல்றேன், எழுதிக்கங்க. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு, துணியில கட்டி, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வையுங்க. காலையில பிழிஞ்சு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைச்சு, சாயங்காலமாத் தெளிங்க. மழை வர்ற மாதிரி இருந்தா அன்னைக்குத் தெளிக்காதீங்க, கழுவிட்டுப் போயிடும்.

முதல் பறிப்பு யாருக்கு?

இதுதான் இன்னைக்கு நான் முக்கியமாச் சொல்ல வந்தது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கு. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேருன்னு வெச்சுக்கங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, கண் இருட்டுது, உடம்பு அசதின்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டோம்.

ஹைதராபாத்துல உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் காயுமா 400 கிராம்னு சொல்லியிருக்காங்க. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ 600 கிராம். விலைக்கு வாங்கி இதைச் சாப்பிட நம்மால முடியுமா? கொல்லை இருந்தா பாதியாவது முடியும்.

கீரையில உள்ள இரும்புச்சத்து உடம்புல சேரணும்னா கூடவே புளிப்பான காய், பழம் ஏதாவது வேணும். கீரைச் சோத்தோட எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க, இல்லைன்னா ஒரு நெல்லிக்காய், கொய்யா சாப்பிடுங்க. சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீங்க, அது சத்து சேர்றதைத் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தா, கீரை சாப்பிடுறோமேன்னு அதை நிறுத்திடாதீங்க. ரெண்டும் வேணும்.

காய் நல்லா காய்ச்சதும் "வித்துடலாமே"ன்னு ஒரு பேச்சு வரும். விக்க வேண்டாம்னு நான் சொல்லலை. முதல் பறிப்பு வீட்டுச் சட்டிக்கு, அதுல முதல் கரண்டி வளர்த்தவளுக்கும் சேர்த்து. மிஞ்சினதை முதல்ல குழுவுக்குள்ள மாத்திக்கங்க, அதுக்கப்புறம் சந்தை. தண்ணி ஊத்தினவ ரசத்தைக் குடிச்சுக்கிட்டு, காய் சந்தைக்குப் போனா அந்தத் தோட்டத்தால நமக்கு என்ன பயன்?

கணக்கும் பார்த்துக்கங்க. ஒரு நாள் காய்ச்செலவு 40 ரூபாய்னு வையுங்க. வாரத்துல மூணு நாள் கொல்லையிலயே பறிச்சா 120 ரூபாய் மிச்சம். பன்னிரண்டு வாரத்துக்கு 1,440 ரூபாய். ஐப்பசியில விழுற சந்தா பாக்கியை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. இதுக்காக யாரும் கடன் கேட்டு மனு எழுத வேண்டாம். விதையும் எருவும் நம்மகிட்டயே இருக்கு.

குழுவுக்கு ஒரு விதைப்பானை

ஒவ்வொரு கொடியிலும் நல்லாத் திரண்ட ரெண்டு காயைப் பறிக்காம விதைக்கு விடுங்க. முத்திக் காய்ஞ்ச பிறகு விதையெடுத்து, நிழல்ல உலர்த்தி, சாம்பல் கலந்து, காத்துப் புகாத டப்பாவுல வையுங்க. மேலே பேரும் மாசமும் எழுதுங்க. நாட்டு விதையா இருக்கணும். கடையில வாங்கின ஒட்டுரக விதையில வந்த காயிலிருந்து விதை எடுத்தா, அடுத்த தடவை அதே மாதிரி காய்க்காது.

மூணு விஷயத்தை உங்க குழுக் கூட்டத்துல வெச்சுத் தீர்மானமா எழுதுங்கன்னு கேட்டுக்கறேன். ஒண்ணு, ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுலயும் இந்த மாசத்துக்குள்ள ஒரு கொடி, ஒரு கீரைப் பாத்தி, ஒரு முருங்கை. ரெண்டு, குழுவுக்கு ஒரு விதைப்பானை. அதோட பொறுப்பு ஒரு உறுப்பினருக்கு. மூணு, சந்தா நோட்டோட கடைசிப் பக்கத்துல வாரா வாரம் யார் வீட்டுல என்ன பறிச்சாங்க, அதை யார் சாப்பிட்டாங்கன்னு ஒரு வரி எழுதணும். எழுதத் தெரிஞ்ச பிள்ளைங்க எழுதட்டும்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் முந்தானையில ஒரு பிடி விதை முடிஞ்சுக்கிட்டு வாங்க. என்கிட்ட இல்லாத விதை உங்ககிட்ட இருக்கும், உங்ககிட்ட இல்லாதது அடுத்த ஊர்க்காரங்ககிட்ட இருக்கும். மாத்திக்குவோம். அன்னைக்கே தரையில பரப்பி எண்ணிப் பார்த்துடலாம், நம்ம கூட்டமைப்புல எத்தனை வகை அவரை இருக்குன்னு.